ஓஸ்லோப் திமிங்கலச் சுறா: தீனி போட்டு வரவழைத்து நீந்துவதில் என்ன தவறு?

அலைவாய் கேட்டது:

பிலிப்பைன்ஸில் செபு தீவின் தெற்குப் பக்கம் ஓஸ்லோப். அங்கே தான்-அவான் கரையில் 2011லிருந்து மீனவர்கள் சிறு துடுப்புப் படகில் நின்று கூனியை (பொடி இறால்) அள்ளிப் போடுகிறார்கள். திமிங்கலச் சுறாக்கள் வாயைப் பிளந்தபடி படகோரமாக வருகின்றன. பயணிகள் பக்கத்தில் மிதந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி நண்பகலோடு முடிகிறது, ஒரு குழுவுக்கு அரை மணி நேரம். வருடத்தில் எந்த நாள் போனாலும் சுறா உண்டு. அதே நாட்டில் டான்சோல் என்ற ஊரில் தீனி கிடையாது. போனால் பார்க்கலாம், பார்க்காமலும் திரும்பலாம்.

"ஓஸ்லோப் போகாதீர்கள், பாவம்" என்று ஒரு கட்சி. "மீனவனும் பிழைக்கிறான், சுறாவும் பிழைக்கிறது, உங்களுக்கு என்ன வந்தது" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் கோஷம் இருக்கிறது, விளக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று, அது கூண்டில் இல்லை. வேண்டாமென்றால் போய்விடலாமே? அப்புறம் எதைக் கெடுதல் என்கிறோம்?

இரண்டு, வெட்டி விற்பதைவிடக் காட்டிப் பிழைப்பது மேல் இல்லையா?

மூன்று, தீனி போடாத இடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? படகில் துரத்திப் போய் முன்னால் குதிப்பதும் தொந்தரவுதானே?

---

செவுள் எழுதியது:

"போய்விடலாமே" என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவை போய்த்தான் விடுகின்றன. 2012 மார்ச் முதல் 2013 டிசம்பர் வரை ஓஸ்லோப்பில் உடற்புள்ளிகளை வைத்து 158 சுறாக்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். தீனி தின்றவை சராசரியாக 44.9 நாள் அங்கே தங்கின. அதே இடத்துக்கு வந்தும் தீனியை நாடாதவை 22.4 நாள். ஒரு சில மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தன. கதவு திறந்துதான் இருக்கிறது. கிளம்ப வேண்டிய காரணத்தைத்தான் தீனி எடுத்துவிடுகிறது.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, இந்த மீன் தானாக எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தால்தான் விளங்கும். மெக்சிகோவின் யுகடான் கடலோரத்தில் செய்த கணக்கு இருக்கிறது. 4.4 மீட்டர் நீளமுள்ள சுறா நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நீந்தும்போது மணிக்கு 326 கன மீட்டர் தண்ணீரைச் சலிக்கிறது. 6.2 மீட்டர் சுறா 614 கன மீட்டர். கிடைக்கும் இரை முறையே மணிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவும் இரண்டே முக்கால் கிலோவும். இப்படி நாளில் ஏழரை மணி நேரம். தொண்டையில் உள்ள சல்லடைத் தட்டுகளின் கண் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு பொடி இரையை நம்பி இருப்பதால், இரை அடர்ந்து கிடக்கும் இடத்தைத் தேடித்தேடிப் போனால்தான் கட்டுப்படியாகும். அந்த அடர்த்தி ஓரிடத்தில் நிலைப்பதில்லை. மீன் கூட்டம் முட்டையிட்டால் அங்கே சில நாள், நீரோட்டம் மாறினால் வேறெங்கோ. 2009இல் யுகடானுக்கு அப்பால் சூரை முட்டைகளுக்காக 420 சுறாக்கள் ஒரே இடத்தில் கூடியதை விமானத்திலிருந்து எண்ணினார்கள். அந்த விருந்து முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அலைவதுதான் இதன் பிழைப்பு.

ஓஸ்லோப்பில் ஒரே வகைக் கூனி, ஒரே இடம், ஒரே நேரம், வருடம் முழுக்க. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று சுறாவும் நினைப்பதில் வியப்பில்லை. அங்கே வருபவை பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர் வரையுள்ள இளம் ஆண்கள், இன்னும் பருவம் அடையாதவை. வளர வேண்டிய வயதில் எதைத் தின்கிறது, எங்கே சுற்றுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது வெப்பம். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. திமிங்கலச் சுறா 1,928 மீட்டர் ஆழம் வரை மூழ்கியது பதிவாகியிருக்கிறது. ஆழத்தின் குளிருக்கும் மேற்பரப்பின் சூட்டுக்கும் இடையே ஏறி இறங்குவது அதன் வழக்கம். சூழலின் வெப்பத்தோடு உடல் வெப்பமும் மாறும் விலங்கு அது. வெதுவெதுப்பான நீரில் இருக்க இருக்க, உயிர் வாழவே கூடுதல் எரிபொருள் செலவாகும். காலை முழுவதும் கரையோர மேல்நீரில் நிறுத்தி வைப்பதற்கு அந்த விலை உண்டு. "சும்மா நிற்கிற சுறாவுக்குச் சோறு கிடைக்கிறது, லாபம்தானே" என்று கணக்குப் போடுகிறவர்கள் செலவுப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் கெடுதல் என்றால் காயங்கள். வாயைச் சுற்றியும் தலையிலும் உராய்வுத் தழும்புகள், படகின் அடிப்பாகத்திலும் பக்க மிதவைக் கட்டைகளிலும் உரசி வந்தவை. மேலே சொன்ன 158இல் 47 சதவீதத்துக்கு புரொப்பெல்லர் வெட்டுத் தழும்பும் இருந்தது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தான்-அவானில் தீனிப் படகும் பயணிகள் படகும் துடுப்புப் படகுகள், வெட்டு முழுவதும் அங்கே விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் "படகு என்றால் சாப்பாடு" என்று பழகிய சுறா, அடுத்த விரிகுடாவில் எந்தப் படகில் இயந்திரம் இருக்கிறது என்று பார்த்தா நெருங்கும்?

பவளத்திட்டும் பாதிக்கப்படுகிறது. தீனி போடும் இடத்துத் திட்டில், பக்கத்துத் திட்டைவிடப் பாசி கூடுதலாகவும் பவளம் குறைவாகவும் காணப்பட்டது. எதையும் தாங்கும் வகைகளும், களைபோலச் சட்டென்று முளைக்கும் வகைகளும்தான் மிஞ்சியிருந்தன. மிஞ்சிய கூனி, சுறாக்களின் கழிவு, ஆயிரக்கணக்கான கால்கள், வெயில் பூச்சு என்று காரணம் பல. எது எத்தனை பங்கு என்று பிரிப்பது கடினம்.

---

துடுப்பு எழுதியது:

செவுள் சொன்னதில் எதையும் மறுக்கல. ஆனா பாதிப் படம்தான் இது. மீதிப் பாதியில மனுஷங்க இருக்காங்க.

முதல்ல அந்த "வெட்டறதா, காட்டறதா" கேள்வி. பிலிப்பைன்ஸ்ல திமிங்கலச் சுறாவைப் பிடிக்கறதும் விக்கறதும் 1998லயே தடை. அதுக்கு முன்னாடி போஹோல் கடல்ல கொக்கி போட்டு வேட்டையாடின ஊர்களே இருந்துச்சு. அதனால "தீனி போடலைன்னா வெட்டிடுவாங்க"ன்னு சொல்றது 2011க்குப் பொருந்தாது. அந்த வாதத்தை ஓஸ்லோப் ஆதரவாளர்களே கைவிடறது நல்லது. அதைவிட வலுவான வாதம் அவங்ககிட்ட இருக்கு.

நகராட்சி போட்ட விதிப்படி நுழைவுப் பணத்துல 60 சதவீதம் மீனவர் சங்கத்துக்கு, 30 நகராட்சிக்கு, 10 கிராமத்துக்கு. 2012லிருந்து 2016 வரைக்கும் ஏழரை லட்சம் பேர் வந்திருக்காங்க. டிக்கெட் வருமானம் மட்டும் 1.84 கோடி டாலர்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. சங்கத்துல 170 பேருக்கு மேல. இந்தப் பணம் வெளியூர் ஹோட்டல் முதலாளி கைக்குப் போகாம துடுப்புப் போடறவன் கைக்குப் போகுது. உலகத்துல எத்தனை வனவிலங்குச் சுற்றுலாவில இப்படிப் பங்கு பிரிக்கறாங்க, சொல்லுங்க பார்ப்போம். மீன்பிடி குறைஞ்சுது, பக்கத்துல பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளுக்குக் காவலும் காசும் கிடைச்சுதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. திடீர்னு "நிறுத்து"ன்னா அது வயித்துல அடிக்கறது.

இன்னொண்ணு, அளவு. இந்த மீன் 2016லிருந்து அழியும் ஆபத்துல இருக்கற இனமா பட்டியல்ல இருக்கு. அதுக்கு யார் பெரிய எமன்? 2022ல வந்த உலகளாவிய ஆய்வுல, சுறாக்கள் நடமாடற பரப்புல 92 சதவீதம் பெரிய கப்பல் பாதையோட மோதுதுன்னு வந்தது. அடிபட்ட சுறா மிதக்காது, மூழ்கிடும், கணக்குலயே வராது. அதோட ஒப்பிட்டா ஒரு கிராமத்துத் தீனி சின்னது.

ஆனா எனக்கும் ஒரு எல்லை உண்டு. ஓஸ்லோப் காசு பார்த்ததும் பக்கத்து ஊரெல்லாம் வாளி எடுத்துச்சு. பக்கத்துத் தீவான போஹோல்ல லீலா, தாவிஸ், அல்புர்கெர்கே பக்கம் அதே மாதிரி தொடங்கினாங்க. 2025 தொடக்கத்துல அந்த மாகாண ஆளுநர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். தீனி போட்டதுதான் முக்கியக் காரணம். ஒரு இடம் தீனி போடறது வேற. கடல் முழுக்கப் பத்து இடத்துல வாளி வெச்சா, அந்தச் சுறா வாளியிலிருந்து வாளிக்குத்தான் போகும்.

நிறுத்தறதுக்கும் அப்படியே விடறதுக்கும் நடுவுல செய்ய வேண்டியது நிறைய இருக்கு. நாளுக்கு இத்தனை பேர்தான்னு கறாரா ஒரு உச்சவரம்பு. தீனி நேரத்தை ஆறு மணி நேரத்திலிருந்து மூணு மணி நேரமாக் குறைக்கறது. வாரத்துல ரெண்டு நாள் வாளியே இறங்காத நாள். ஆள் குறையறதை ஈடுகட்ட வெளிநாட்டுப் பயணிக்குக் கட்டணத்தை ஏத்தறது. ரொம்ப நாளா 1,000 பீசோதான் வாங்கிட்டிருந்தாங்க. அவ்வளவு தூரம் பறந்து வந்தவன் 2,500 கேட்டா திரும்பிப் போயிடவா போறான்? இதுல ரெண்டாவதுதான் கஷ்டம். தீனி நின்னதும் சுறா போயிடும், பதினோரு மணிக்கு வரிசையில நிக்கறவன் சத்தம் போடுவான். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் எல்லாம் நீளுது.

---

கூனிப்பொடி எழுதியது:

துடுப்பு, பங்கு பிரிப்பு நியாயம்தான். ஆனால் அந்த வருமானம் முழுக்க ஒரே கொக்கியில் தொங்குகிறது. சுறா வராத நாள் என்று ஒன்று இருக்கக் கூடாது என்று வியாபாரத்தை அமைத்துவிட்டால், அப்புறம் தீனியைக் குறைக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை, மீனவரிடமும் இல்லை. டான்சோலில் 1998லிருந்து நடப்பது வேறு: "இன்று வராமலும் போகலாம்" என்பது விலையிலேயே அடங்கியிருக்கிறது. வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை ஏறி இறங்கும், அங்கேயும் கஷ்ட காலம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுறா குறைந்தால் ஏன் குறைந்தது என்று ஊரே கேட்கும். ஓஸ்லோப்பில் கடல் கெட்டாலும் வாளி நிறைந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எது தீனி என்பதிலேயே குழப்பம் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் செந்தெராவாசி விரிகுடாவில் 'பகான்' என்ற மிதக்கும் மேடைகள். இரவில் விளக்கு எரித்துப் பொடிமீனைக் கூட்டி, தூக்குவலையால் பிடிப்பார்கள். வலையோரம் பொடிமீனை உறிஞ்சச் சுறா வரும். மீனவர் கொஞ்சம் அள்ளிப் போடுவார். பயணிகள் வராத காலத்திலும் இப்படித்தான். ஆனால் பயணி காசு கொடுத்து "இன்னும் ரெண்டு வாளி போடு" என்ற நிமிடத்தில் அது ஓஸ்லோப்பின் தம்பி. அதே நாட்டில் கொரொந்தாலோவில் இறால் தலைக் கழிவு போடுகிறார்கள். மாலத்தீவில் இரவுப் படகுகள் பின்பக்கம் பெரிய விளக்கு எரிக்கின்றன. ஒளிக்குப் பிளாங்டன் (நீரில் மிதக்கும் பொடி உயிர்கள்) கூடும், பிளாங்டனுக்குச் சுறா வரும். வாளியே இல்லை, ஆனால் படகின் பின்புறம்தான் சாப்பாட்டு இடம் என்ற பாடம் அதே பாடம். புரொப்பெல்லரும் அங்கேதான் இருக்கிறது.

---

நீர்மட்டம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தீனி இல்லாவிட்டால் தானாகவே நல்லது என்று ஆகிவிடாது. மோசமான படகோட்டியும் அவசரப்படும் ஆறு பேரும் சேர்ந்தால், வாளி இல்லாமலேயே ஒரு சுறாவின் காலை வேளையைக் கெடுத்துவிடலாம்.

விதிகள் எப்படி இருக்கின்றன: டான்சோலில் ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஒரே நேரத்தில் 6 பேர், உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர், 10 நிமிடம். ஆக்ஸிஜன் உருளை போட்டு மூழ்குவதும் நீரடி ஸ்கூட்டரும் கிடையாது. ஃபிளாஷ் கிடையாது. ஊர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் கூட இறங்குவார். ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் 10 பேர் வரை. அங்கே சுறாவைச் சுற்றி 250 மீட்டருக்குள் ஒரு படகுதான் இயங்கலாம், அதுவும் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகாமல், 30 மீட்டரை விட நெருங்காமல். மேலே சிறு விமானம் பறந்து தேடிச் சொல்வதால், படகுகள் கண்டபடி அலைந்து துழாவ வேண்டியதில்லை.

காகிதத்தில் ஓஸ்லோப்பிலும் தூர விதி உண்டு. அது அங்கே நடக்காததற்கு ஒழுங்கீனம் மட்டும் காரணம் என்று நினைக்கிறார்கள். அமைப்பே காரணம். பயணிகள் படகுகள் வரிசையாக நிற்கின்றன, ஆட்கள் மிதவைக் கட்டையைப் பிடித்துத் தொங்குகிறார்கள், தீனிப் படகு அந்த வரிசையை ஒட்டிப் போய் வருகிறது, சுறா அதன் பின்னால் வருகிறது. விலக வேண்டியவர் நீந்துபவர், விலக இடம் இல்லை. இந்த ஏற்பாட்டில் 3 மீட்டர் என்பது நடக்காத காரியம்.

தீனி இல்லாத இடத்தில் ஒழுங்காக இறங்குவது இப்படி. பாய்மரக் கம்பத்தில் நிற்பவர் நிழலைப் பார்த்ததும் படகு சுறாவின் பாதைக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில் போய் நிற்கும். நேர் முன்னால் நிறுத்தினால் அது மூழ்கிவிடும்; பின்னாலிருந்து துரத்தினால் இன்னும் வேகமாக மூழ்கிவிடும். இயந்திரம் நியூட்ரலில் வந்த பிறகுதான் இறங்க வேண்டும். குதிக்கக் கூடாது, விளிம்பில் உட்கார்ந்து சறுக்க வேண்டும். ஆறு பேர் தொப்பென்று விழுந்தால் எழும் குமிழியும் சத்தமுமே அதைத் திருப்பி அனுப்பப் போதும். இறங்கியதும் தலையைத் தண்ணீருக்குள் வைத்து, கால்களை அசைக்காமல், ஒரே கொத்தாக நில்லுங்கள். அது உங்களைக் கடக்கட்டும். மார்புத் துடுப்புக்குப் பின்னால், முதுகுத் துடுப்புக்கு நேராக, இணையாக நீந்துங்கள். வாய்க்கு முன்னால் போகாதீர்கள், அடியில் மூழ்கி மேலே வராதீர்கள், வாலுக்குப் பின்னால் வராதீர்கள். வாலுக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வைத்திருப்பது உங்களுக்காக. அது பக்கவாட்டில் வீசும்; அகலம் தெரியாமல் பக்கத்தில் இருப்பவருக்கு முகமூடி பறக்கும், சில நேரம் விலா எலும்பும்.

சாதாரணமாக இரை தேடும்போது அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சொச்சம். கால் துடுப்பு போட்ட நல்ல நீச்சல்காரர் சில நிமிடம் ஈடுகொடுக்கலாம், அதற்கு மேல் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். களைத்தவர்தான் கையை நீட்டுகிறார், காலால் உதைக்கிறார்.

தூரத்தைப் பற்றி ஒரு நுட்பம். முகமூடி வழியே தண்ணீருக்குள் பார்க்கும்போது பொருள் உண்மையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அருகில் தெரியும். கண்ணால் மட்டும் பார்த்தால் பயந்து தள்ளியே இருப்பீர்கள். சிக்கல் கேமராவில். அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தூரத்தில், சின்னதாகக் காட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே நீந்துபவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஒரு மீட்டருக்குள் போய்விடுவார், தனக்கே தெரியாமல். கேமராவை நெஞ்சோடு பிடித்துக் கண்ணால் பாருங்கள். கேமராவின் நீட்டுக் கம்பை (செல்ஃபி குச்சி) படகிலேயே வைத்துவிடுங்கள். அது பார்ப்பதற்குத்தான் கைக்குப் பதில், உரசுவதில் கையைவிட மோசம்.

சுறா எரிச்சலடைந்திருப்பதற்கான அறிகுறிகள் தெளிவானவை. முதுகை உங்கள் பக்கம் சாய்த்துத் திருப்பும். கண்ணை உள்ளே உருட்டும் (அந்தக் கண்ணுருண்டையின் மேலேயே பொடிப் பொடியாகப் பல் போன்ற செதில்கள் உண்டு, வேறெங்கும் எளிதில் காணாத விசித்திரம்). உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கும். திடீரென்று திசை மாற்றும், வேகமெடுக்கும், செங்குத்தாக இறங்கும். டான்சோலில் செய்த ஆய்வில் தொடுவதும், ஃபிளாஷ் அடிப்பதும், பாதையை மறிப்பதும், மிக அருகில் போவதும்தான் இவற்றைத் தூண்டின. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தச் சுறாவோடு உங்கள் நேரம் முடிந்தது. பத்து நிமிடம் ஆகவில்லையே என்று வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள்.

ஓஸ்லோப்போடு உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தீனி இல்லாத இடத்தில் சுறாவின் மறுப்பு வேலை செய்கிறது. அது மூழ்கினால் நிகழ்ச்சி முடிந்தது, நீங்கள் எவ்வளவு கொடுத்திருந்தாலும். தீனி போடும் இடத்தில் பழகிய சுறா விலகுவதைக் குறைத்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கு அது "சாது" என்று படுகிறது, அவ்வளவுதான்.

வெயில் பூச்சு: டான்சோல் போனாலும் வேண்டாம். கழுத்து மூடிய முழுக்கை நீச்சல் சட்டை போதும். கையிலும் முகத்திலும் பூசிக்கொண்டு இறங்குவதற்கு முன் கழுவினால் சரி என்கிறார்கள். கழுவிய தண்ணீரும் அதே கடலுக்குத்தான் போகிறது.

---

அலைவாய் எழுதியது:

நன்றி. இரண்டு சின்னக் கேள்விகள். விளம்பரத்தைப் பார்த்தே தீனி போடுகிற இடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? எல்லாரும் 'இயற்கைக்கு உகந்த' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அப்புறம், டான்சோல் போய்ச் சுறா வராவிட்டால்?

---

கூனிப்பொடி எழுதியது:

"100 சதவீதம் நிச்சயம்" என்று இருந்தால் அங்கே வாளி இருக்கிறது. கடலில் யாரும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. படங்களைப் பாருங்கள்: சுறா செங்குத்தாக நிமிர்ந்து, வாய் நீர்மட்டத்தில், பக்கத்திலேயே ஒரு சிறு படகு, அதில் ஒருவர் குனிந்திருக்கிறார். செங்குத்தாக நின்று உறிஞ்சுவதை அது இயற்கையிலும் செய்யும், இரை மிக அடர்த்தியாக இருந்தால். ஆனால் எல்லாப் படத்திலும், எல்லா மாதத்திலும், ஒரு படகின் விளிம்பில் மட்டும் என்றால் சந்தேகம் வேண்டாம். பருவமே குறிப்பிடாமல் வருடம் முழுக்கப் பதிவு எடுப்பதும் ஓர் அடையாளம்.

தண்ணீரின் நிறத்தையும் கவனியுங்கள். டான்சோலில் சுறா வருவதே பிளாங்டனுக்கு. பிளாங்டன் உள்ள தண்ணீர் பச்சையாக, கலங்கலாக இருக்கும். கண்ணாடிபோன்ற நீலத்தில் முழுச் சுறாவையும் தலை முதல் வால் வரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். புள்ளி போட்ட ஒரு சுவர் பக்கத்தில் நகர்ந்து போவது போல இருக்கும்.

---

துடுப்பு எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு: வராட்டி வராது, படகுக் காசு திரும்பாது. நவம்பர்லிருந்து ஜூன் வரை பருவம், பிப்ரவரிக்கும் மே மாசத்துக்கும் நடுவுல வாய்ப்பு அதிகம். ஒரே நாள் வெச்சுக்கிட்டுப் போகாதீங்க, மூணு காலை ஒதுக்குங்க. தீனி இல்லாத வேற இடமும் உண்டு: தெற்கு லெய்தேல பின்துயான் பக்கம், பலவான்ல புவெர்தோ பிரின்செசா பக்கம். பருவம் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுட்டுப் போங்க. படகு ஏறும்போது "ஒரு சுறாகிட்ட ரெண்டாவது படகு வந்தா நாங்க இறங்க மாட்டோம்"னு முதல்லயே சொல்லிடுங்க. படகோட்டி நெருங்கறது பெரும்பாலும் பயணி திட்டுவானோ, கைக்காசு தரமாட்டானோன்னுதான். அந்தப் பயத்தை எடுத்துட்டா அவரே தள்ளி நிறுத்துவார்.

ஏற்கெனவே ஓஸ்லோப் பதிவு பண்ணிட்டு ரத்து செய்ய முடியாதவங்களுக்கு: தண்ணியில இறங்காம படகிலிருந்தே பார்க்கறதுக்குத் தனிக் கட்டணம் இருக்கு, குறைவுதான். தண்ணியில இறங்கற ஆள் ஒண்ணு குறையும், மீனவருக்குப் போற பங்கும் போய்ச் சேரும்.

---

செவுள் எழுதியது:

எங்கே பார்த்தாலும் உதவக்கூடிய ஒரு படம் எடுக்கலாம். இடப்பக்க விலா: கடைசிச் செவுள் பிளவில் தொடங்கி, மார்புத் துடுப்புக்கு மேலே, சற்றுப் பின்னால் வரையுள்ள பகுதி. அந்தப் புள்ளி அமைப்பு மனிதக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு சுறாவுக்கும் தனி. வானில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடுவதற்காக எழுதிய கணக்கு முறையைக் கொஞ்சம் மாற்றித்தான் இந்தப் புள்ளிகளை ஒப்பிடுகிறார்கள். 2005லிருந்து அது பயன்பாட்டில் இருக்கிறது. மேலே சொன்ன 158 என்ற எண்ணும் இப்படி விலாப்புள்ளிகளை வைத்து வந்ததே.

படம் முடிந்தவரை விலாவுக்குச் செங்கோணத்தில் இருக்கட்டும், சாய்ந்தால் புள்ளிகளின் இடைவெளி சுருங்கிப் பொருந்தாது. 3 மீட்டரிலிருந்தே முழுப் பகுதியும் சட்டத்துக்குள் வந்துவிடும், இன்னும் அருகில் போனால் வெட்டுப்படும். தேதி, நேரம், இடம், உத்தேச நீளம், தழும்பு இருந்தால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்பது வயிற்றுப்புறத் துடுப்புகளுக்கு நடுவே இரண்டு விரல் போன்ற உறுப்புகள் இருக்கின்றனவா என்பதில் தெரியும். அதைப் பார்ப்பதற்காக அடியில் மூழ்க வேண்டாம், வழிகாட்டியிடம் கேட்டாலே சொல்வார். இடப்பக்கம் கிடைக்காவிட்டால் வலப்பக்கம் அனுப்புங்கள், அதையும் சேர்த்துக்கொள்வார்கள். வால் மட்டும் விழுந்த படத்தால் யாருக்கும் பயனில்லை.